ஜண்டியாலா குருவில் கையால் அடித்த செப்புப் பாத்திரம்: எதைப் பார்த்து வாங்குவது?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு குடும்பமாக அமிர்தசரஸ் போகிறோம். பொற்கோயில், ஜாலியன்வாலா பாக், வாகா எல்லை எல்லாம் பயணத் திட்டத்தில் இருக்கிறது. அதோடு பக்கத்தில் இருக்கும் ஜண்டியாலா குரு என்ற ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்க ஆசை. அங்கே தட்டேரா சமூகத்தார் இன்னும் கையாலேயே செம்பும் பித்தளையும் அடித்துப் பாத்திரம் செய்கிறார்கள், 2014-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் அந்தத் தொழில் ஏறியிருக்கிறது என்று படித்தேன்.

எனக்குத் தண்ணீர் வைக்க ஒரு செப்புக் குடம் வேண்டும், பொங்கல் வைக்கிற அளவுக்கு ஒரு தவலையும் வேண்டும். போன வருஷம் ஆன்லைனில் "கையால் அடித்தது" என்று போட்டிருந்த ஒரு பானை வாங்கினேன். வெளியே அழகழகாகப் பள்ளம் பள்ளமாக இருந்தது. கொஞ்ச நாளில் மேல்பூச்சு தோல் மாதிரி உரிந்து, உரிந்த இடமெல்லாம் கறுத்துவிட்டது. என் மாமியார் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அடிச்சது இல்லம்மா, மிஷின்ல அமுக்கினது" என்றார்.

மறுபடி அப்படி ஆகக் கூடாது. கையால் அடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே போய்வந்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். விலை எப்படிப் பேச வேண்டும் என்பதும் தெரியவில்லை.

---

பொன்னிநாடன்:

இதற்காகப் பஞ்சாப் வரை போக வேண்டுமா? கும்பகோணத்திலேயே கடை கடையாகச் செப்புப் பாத்திரம் தொங்குகிறதே. எடை போட்டு வாங்கிக்கொண்டு வரலாம். ரயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவது பெரிய பாடு.

---

கன்னார்தெரு:

பொன்னிநாடன் சார், கும்பகோணம் பக்கத்தில் பாத்திரம் அடிக்கும் கன்னார் குடும்பத்தில் பிறந்தவன் நான். அதனால் உரிமையோடு சொல்கிறேன். கடையில் தொங்குவதில் பெரும்பகுதி இன்றைக்கு மிஷினில் வந்த சரக்கு. கையால் அடிப்பவர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைக் கடையில் பார்க்க முடியாது, பட்டறையைத் தேடித்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் தாத்தாவோடு பட்டறை நின்றுபோனது. அப்பா பாத்திரக் கடை வைத்தார். நான் வேலை நிமித்தமாக ஜலந்தரில் இருக்கிறேன். ஜண்டியாலா இங்கிருந்து ஜி.டி. சாலையில் அமிர்தசரஸ் போகிற வழி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் அங்கே ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். என் பஞ்சாபி அரைகுறை. ஆனால் துருத்தி, இடுக்கி, கொட்டாப்புளி எல்லாம் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்கின்றன, அதனால் பேச்சுக்குக் குறைவில்லை.

சகோதரி, உங்கள் மாமியார் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். பாத்திரத்தின் கதை உள்பக்கம்தான் தெரியும். மிஷினில் சுழற்றி இழுத்த பாத்திரத்தின் உள்ளே அடிமட்டத்திலிருந்து வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் ஓடும், நடுவில் ஒரு சின்னப் புள்ளியும் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும். அதன்மேல் பிறகு பள்ளங்களை அச்சாக அமுக்கிவிடுவார்கள். அந்தப் பள்ளங்கள் ஒரே அளவு, ஒரே இடைவெளி. கையால் அடித்ததில் வரிசை இருக்கும், ஆனால் ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்தின் விளிம்பைக் கொஞ்சம் தின்றிருக்கும். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் மேல் பாதி விழ வேண்டும் என்பது கணக்கு. பாதி விழாவிட்டால் நடுவில் மேடு நின்றுவிடும்.

குடம் வாங்குவதானால் இன்னொரு அடையாளம் உண்டு. குடத்தை ஒரே தகட்டில் எழுப்புவது அரிது. அடி, வயிறு, கழுத்து என்று தனித்தனியாக அடித்துப் பிறகு சேர்ப்பார்கள். சேரும் விளிம்பில் பல் பல்லாக வெட்டி, ஒரு பல்லை உள்ளேயும் அடுத்ததை வெளியேயும் மடக்கி, வெங்காரமும் (போராக்ஸ்) பித்தளைப் பொடியும் வைத்து உலையில் காட்டிப் பற்றவைப்பார்கள். செம்பு சிவப்பு, பற்று மஞ்சள். அதனால் வயிற்றைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு பல்வரிசை ஓடும். நிறைய பேர் அதைப் பார்த்துவிட்டு ஒட்டுப்போட்ட பாத்திரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள், அந்த வரிசை உள்ள குடத்தைத்தான் தேட வேண்டும்.

காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பின் மேல் செம்பு முலாம் பூசியது ஒட்டிக்கொள்ளும், செம்பு ஒட்டாது. விளிம்பை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், நெளிந்தால் தகடு மெலிசு. மேலே பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தால் வேண்டவே வேண்டாம். உங்கள் பானையில் உரிந்தது அதுதான். செம்பு கறுக்கத்தான் செய்யும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். அதை மறைக்கப் பூச்சு எதற்கு?

இப்போது அந்த ஊரைப் பற்றி. ரஞ்சித் சிங் காலத்தில், 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், காஷ்மீரிலிருந்து உலோகக் கைவினைஞர்களைக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தியதாகச் சொல்கிறார்கள். 1947 பிரிவினையில் முஸ்லிம் கைவினைஞர்கள் எல்லை தாண்டிப் போக, குஜ்ரன்வாலா பக்கத்திலிருந்து வந்த தட்டேரா குடும்பங்கள் இங்கே உலை மூட்டின. ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கையிலிருந்த வேலைதான் முதல். இந்தியாவிலிருந்து யுனெஸ்கோவின் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் கைத்தொழில் இது. அதற்கு முன் ஏறியவை பெரும்பாலும் கூத்து, பாட்டு, ஓதுதல், விழா. பாத்திரம் அடிப்பதும் அந்த வரிசைக்குச் சமம் என்று உலகம் ஒப்புக்கொண்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் தாத்தாவை ஊரில் யாரும் கலைஞர் என்று சொன்னதில்லை.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தெரிந்துகொண்டு போனால் நீங்கள் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். உலை தரையில் குழி வெட்டிப் புதைத்தது, விறகு எரிவது. பழைய உலோகத்தை உருக்கி அடை மாதிரி ஊற்றி, அது ஆறியதும் தகடாக்குவது பழைய முறை. இப்போது ஆலையில் உருட்டிய தகடும் வருகிறது. வட்டமாக வெட்டிய தகட்டைச் சுத்தியலால் சுற்றுச் சுற்றாக அடித்துக் குழிப்பார்கள். கொஞ்ச நேரம் அடித்ததும் செம்பு இறுகிவிடும். அதற்கு மேல் அடித்தால் விளிம்பில் வெடிப்பு விடும். உடனே உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி எடுத்தால் மறுபடி மெதுவாகிவிடும். இரும்பைச் சிவக்கவிட்டுத் தண்ணீரில் முக்கினால் கடினமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். செம்பு அப்படி இல்லை, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் மெதுவாகவே இருக்கும். அடி, காய்ச்சு, அடி, காய்ச்சு என்று ஒரு குடத்துக்கு எத்தனை சுற்று என்பதைச் செம்புதான் சொல்லும்.

எப்படிச் சொல்லும் என்பதை நான் அந்தப் பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். புதிதாகக் காய்ச்சிய தகட்டின் மேல் விழும் அடி தொப் தொப்பென்று அமுங்கிக் கேட்கும். அடிக்க அடிக்க அது மேலே ஏறி, டங் டங்கென்று கூர்மையாகும். ஒரு கட்டத்தில் சத்தம் காதைக் குத்தும். அந்த நொடியில் பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இடுக்கியை எடுப்பார். தகட்டைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். அவர் பேரன் பக்கத்தில் சின்ன லோட்டா ஒன்றை அடித்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் ஒரு அடி அடிக்கப் போனபோது பெரியவர் நாக்கைத் தட்டினார், அவன் நிறுத்திவிட்டான். இவ்வளவுதான் பாடம். இதை எழுதிவைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டால்தான் வரும். ஒரு தலைமுறை எழுந்து போய்விட்டால் முடிந்தது. எங்கள் தெருவில் அதுதான் நடந்தது.

அந்தச் சத்தம் காதையும் சும்மா விடாது. எங்கள் தாத்தாவுக்கு வயதாகும் முன்பே காது மந்தமாகிவிட்டது. ஜண்டியாலாவிலும் பெரியவர்களிடம் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும்.

வடிவம் வந்த பிறகு அமிலத்தில் முக்கி, மணலும் புளிச்சாறும் வைத்துத் தேய்ப்பார்கள். அப்புறம் கடைசி அடி. தரையில் நட்ட இரும்புக் கம்பத்தின் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, முகம் பளபளப்பான சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டுவார்கள். நாம் அலங்காரம் என்று நினைக்கும் அந்தப் பள்ளங்கள் இந்தத் தட்டலில்தான் விழுகின்றன. அழகு அதில் பாதிதான். அந்த அடியில்தான் செம்பு கடைசியாக இறுகி, பாத்திரம் விறைப்பாக நிற்கிறது. இதற்குப் பிறகு காய்ச்ச மாட்டார்கள். அச்சில் அமுக்கிய பள்ளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு மட்டும் தெரிவதல்ல. அடித்த குடம் கீழே விழுந்தால் லேசில் நசுங்காது.

விலை பற்றிக் கேட்டீர்கள். இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். பாத்திரம் எடைக்குத்தான் விற்கிறது, அங்கேயும் இங்கேயும். கிலோ என்ன விலை என்று கேட்டு, தராசில் வைத்து, பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். மிஷினில் சில நிமிஷத்தில் வந்த பானையும் ஒரு மனிதன் நாள் முழுக்கத் தோள் வலிக்க அடித்த பானையும் ஒரே எடையாக இருந்தால் ஒரே விலை என்று பேரம் பேசுகிறோம். எவர்சில்வரும் அலுமினியமும் வந்ததால்தான் தொழில் அழிந்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் மிச்சமிருப்பதை அழிப்பது இந்தத் தராசு. கூலி தகட்டின் விலைக்குள் ஒளிந்து கிடக்கும்வரை எந்த அப்பனும் பிள்ளையை உலைக்கு முன்னால் உட்கார வைக்க மாட்டான். எங்கள் அப்பாவும் என்னை உட்கார வைக்கவில்லை.

அதனால் இப்படிப் பேசுங்கள். தகட்டுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தகட்டு விலையை வேண்டுமானால் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். முடிந்தால் கடை வாசலில் வாங்காமல் தட்டேரா பஜாருக்குள் நடந்து சத்தம் வரும் வீட்டில் நுழையுங்கள். நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோம் இல்லையா, அங்கேயும் வெட்டித் தருவார்கள். உங்கள் பெயருக்குக் கீழே அடித்தவர் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள்.

---

நொய்யல்கரை:

அண்ணா, படித்து முடித்ததும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். மஞ்சள் பல்வரிசை தன் அம்மா வீட்டுக் குடத்தில் இருந்தது என்று உடனே சொன்னார்.

இரண்டு சந்தேகம். தவலையில் பொங்கல் வைத்தால் ஈயம் பூச வேண்டுமா? இங்கே ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்து பல வருஷம் ஆகிறது. அப்புறம், செம்பில் தண்ணீர் வைத்துக் குடிப்பது நல்லது என்கிறார்கள், சிலர் விஷம் என்கிறார்கள். எதை நம்புவது?

---

கன்னார்தெரு:

தண்ணீருக்கு ஈயம் வேண்டாம், வெறும் செம்பே போதும். ராத்திரி வைத்துக் காலையில் குடித்தால் பயமில்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நல்ல தண்ணீரை ஒரு ராத்திரி வைத்தால் பொதுவாக அதற்குள்தான் நிற்கும். நாள்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். எலுமிச்சை, மோர், புளிக்கரைசல் எதையும் வெறும் செம்பில் ஊற்றக் கூடாது. புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும், வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பச்சையாகக் களிம்பு தெரிந்தால் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சமைக்கும் தவலைக்கு ஈயம் கட்டாயம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயத்தை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் துடைப்பார்கள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும், அது நவச்சாரம், பிள்ளைகளைத் தள்ளி நிற்க வையுங்கள். பூசுவது வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். விலை குறைவு என்று காரீயம் கலந்ததைச் சிலர் பூசுகிறார்கள், அது உடம்புக்கு விஷம். சுத்தமான வெள்ளீயக் கம்பியைக் காதருகில் வைத்து வளைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். காரீயம் வெள்ளைக் காகிதத்தில் இழுத்தால் கறுப்புக் கோடு விடும். பூசுவதற்கு முன்பே அவர் கையில் வைத்திருக்கும் ஈயத்தை வாங்கிப் பாருங்கள், நல்ல வேலைக்காரர் கோபப்பட மாட்டார்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அதனால் வெறும் தவலையை அடுப்பில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், தவலையிலேயே எண்ணெய் காய்ச்சித் தாளிக்காதீர்கள். தண்ணீரோ பாலோ ஊற்றிய பிறகுதான் அடுப்பு. உள்ளே சிவப்பு தெரிய ஆரம்பித்தால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவதில்லை என்றீர்கள். பெரிய கோயில் மடைப்பள்ளியிலும் கல்யாணச் சமையல்காரர்களிடமும் விசாரியுங்கள், அவர்கள் அண்டாவுக்கு யாரோ ஒருவர் பூசிக்கொண்டுதான் இருப்பார். ஜண்டியாலாவையும் இன்றைக்குத் தூக்கி நிறுத்துவதில் குருத்வாராவின் பொதுச் சமையலான லங்கர் அண்டாக்களுக்குப் பங்கு உண்டு. ஆள் உட்காரலாம் போன்ற அண்டா, அதை அடிக்க மூன்று நான்கு பேர் சுற்றி நின்று மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவார்கள். அப்படி ஒன்று நடக்கும் நாளில் நீங்கள் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு வாகாவை விட்டுவிட்டு இங்கேயே இருங்கள் என்று சொல்வேன்.

---

முத்தாநதி:

புனேயிலிருந்து எழுதுகிறேன். இங்கே கஸ்பா பேட்டில் தாம்பட் ஆளி என்று ஒரு தெரு இருக்கிறது. பேஷ்வாக்கள் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்த செப்பு வேலைக்காரர்களின் தெரு. கன்னார்தெரு அண்ணன் சொன்ன அந்தக் கடைசித் தட்டலை இவர்கள் மட்டார் வேலை என்கிறார்கள். வெந்நீர் காய்ச்சும் செப்புக் கொதிகலன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது விளக்கு, தட்டு, மேசைக் கிண்ணம் என்று வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து செய்கிறார்கள். தொழில் கொஞ்சம் மூச்சுவிடுகிறது. ஜண்டியாலாவிலும் அப்படி ஏதாவது நடக்கிறதா?

---

கன்னார்தெரு:

நடக்கிறது. டெல்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி மாணவர்கள் "விராசத்" என்ற பெயரில் இவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள், பஞ்சாப் அரசும் கைகொடுத்தது. அதன்பிறகு வெளியூர் ஆர்டர் வருகிறது, இளையவர்கள் சிலர் உலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். விளக்கும் மேசைக் கிண்ணமும் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் கூலி தனியாகக் கிடைக்கிறது. ஆனால் அலமாரியில் போய் உட்காரும் பொருள் பட்டறைக்குத் திரும்பி வராது. அடுப்பில் ஏறும் தவலை ஈயத்துக்கு வரும், நசுங்கினால் தட்ட வரும், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அதே அளவில் இன்னொன்று கேட்டு வரும். எங்கள் தாத்தாவின் வருமானத்தில் புதுப் பாத்திரத்தை விட இந்தத் திரும்பி வரும் வேலைதான் அதிகம் என்று அப்பா சொல்வார். பாத்திரம் புழங்கினால்தான் பட்டறை நிற்கும்.

சகோதரி, நாள் விஷயம் ஒன்று. வடக்கத்தித் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தன்தேரஸ். அன்றைக்கு உலோகப் பாத்திரம் வாங்குவது வடக்கே சம்பிரதாயம், அதற்கு முந்தைய வாரங்களில் பட்டறையில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. நீங்கள் அது முடிந்து வருவது நல்லதாகப் போயிற்று. ஆனால் வந்த அன்றைக்கே குடம் வேண்டும் என்றால் கடைச் சரக்குதான் கிடைக்கும். அமிர்தசரஸ் வந்து இறங்கிய முதல் நாளே ஜண்டியாலா போய் அளவு சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள், ஊர் திரும்பும் முன் வாங்கிக்கொள்ளலாம். முடியாது என்று அவர்கள் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள், நான் போய் வாங்கி பார்சலில் அனுப்பிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் பழைய தவலையின் படத்தை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். பஞ்சாபி பதீலாவின் வாய் அகலம், நம் தவலைக்குக் கழுத்து குறுகி விளிம்பு விரிய வேண்டும். படத்தைக் காட்டினால் சரியாக அடித்துவிடுவார்கள்.

---

நொய்யல்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. மாமியார் தன் அம்மா வீட்டுக் குடத்தைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார், அதையும் படம் எடுத்துக்கொள்கிறேன். வாகா பார்ப்பதை ஒரு நாள் தள்ளிப்போட்டு ஜண்டியாலாவை முதல் நாளுக்கு மாற்றியாயிற்று. தேதி உறுதியானதும் உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன்.